நார்ஃபோக்கிலிருந்து ஒரு வட்டம்: இருவர் படகின் வெள்ளோட்டம்

படகு வாங்கி ஓரளவு பழுது பார்த்ததும் நேரே பஹாமாஸ் போய்விடலாம் என்றுதான் பல தம்பதிகள் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கே போவது, எதைச் சோதிப்பது என்று சொல்பவர்கள் குறைவு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஒன்றுதான். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் தொடங்கி, இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்னும் உள்கரை நீர்வழியில் வட கரோலினாவின் பெல்ஹேவன் வரை இறங்கி, திரும்பும்போது டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய் வழியாக ஏறி வருவது. சுமார் 270 மைல். லாக் (இரு பக்கமும் கதவை மூடி நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் தொட்டி), திறக்கும் பாலம், திறந்த நீர்ப்பரப்பு, நேர்கோட்டுக் கால்வாய், ஆள் அரவமில்லாத நங்கூர இடம் என்று பின்னால் வரப்போகும் எல்லாமே இந்தத் தூரத்துக்குள் ஒரு தடவையாவது வந்துவிடும். வழியின் பெரும்பகுதியில் இழுவைப் படகைக் கூப்பிட்டால் வந்து சேரும். எதுவானாலும் இங்கேயே கெட்டுத் தொலையட்டும் என்பதுதான் கணக்கு.

இந்த வழியில் தூரத்தைத் தரை மைலில் குறிக்கிறார்கள். நார்ஃபோக் துறைமுகம் மைல் 0, மயாமி கிட்டத்தட்ட மைல் 1,090. படகின் வேகத்தையோ ‘நாட்’ என்ற அலகில் சொல்வார்கள், ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.15 தரை மைல் என்பதால் 5.5 நாட் என்றால் மணிக்கு 6.3 மைல். இந்தக் கணக்கை எழுதி சுக்கான் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பாலம் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருவோமா என்பதை நாள் முழுக்க இதை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். 34 அடிப் பாய்மரப் படகு, 5 அடி மூழ்காழம், 27 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு முக்கால் முதல் ஒரு கேலன் வரை டீசல் போகும். முழு வட்டத்துக்கும் எஞ்சின் 45 மணி நேரம் ஓடும், 45 கேலன் போதும். பயணத்தில் பெரும்பகுதி எஞ்சினில்தான். பாய் விரிக்க ஆல்பமார்ல் சவுண்ட் என்னும் அகன்ற நீர்ப்பரப்பிலும் ஆற்று முகங்களிலும் வாய்ப்புக் கிடைக்கும், அவ்வளவுதான். நாளுக்கு 35, 40 மைலுக்கு மேல் திட்டம் போடாதீர்கள். காற்றுக்காகக் காத்திருக்கும் நாட்களையும் சேர்த்தால் இரண்டு வாரம் வேண்டும். லீவு பத்து நாள்தான் என்றால் டிஸ்மல் வழியில் உள்ள எலிசபெத் சிட்டியோடு திரும்பிவிடுவது நல்லது. திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டும் என்று கெட்ட வானிலையில் கிளம்பிப் படகை உடைத்துக்கொண்டவர்கள் நிறைய.

பருவம் ஏப்ரல் கடைசி முதல் மே வரை, அல்லது செப்டம்பர் பாதிக்கு மேல். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம் என்பதால், அந்த மாதங்களில் படகு எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் தாளில் எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஈக்கள் கடிக்கும் கடிக்கு வலையில்லாமல் உட்காரவே முடியாது.

முதல் நாள் பாடம் முழுக்கப் பாலங்கள்தான். நார்ஃபோக்கிலிருந்து தெற்கே வந்தால் மைல் 5.8-இல் கில்மர்ட்டன் பாலமும் அதை ஒட்டி ஒரு ரயில் பாலமும். ரயில் பாலம் பொதுவாகத் திறந்தே கிடக்கும். ஆனால் சரக்கு ரயில் வந்தால் எவ்வளவு நேரம் மூடியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கிரேட் பிரிட்ஜ் லாக்குக்குக் கணக்குப் போடும்போது அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். மைல் 7-இல் வழி பிரியும். வலப்பக்கம் டீப் க்ரீக் வழியாக டிஸ்மல் ஸ்வாம்ப், நேரே போனால் 1859-இல் திறந்த ஆல்பமார்ல் அண்ட் செசபீக் கால்வாய். போகும்போது நேரே போங்கள். ஏற்ற இறக்கம் சில அடிகளே உள்ள கிரேட் பிரிட்ஜில் லாக் பழகிக்கொண்டு, எட்டடி ஏறி இறங்கும் டிஸ்மல் லாக்குகளுக்குத் திரும்பும்போது வருவதுதான் புத்திசாலித்தனம்.

லாக்குக்கு அரை மைல் முன்னாலேயே விஎச்எஃப் ரேடியோவில் சேனல் 13-இல் கூப்பிட வேண்டும். படகின் பெயர், தெற்கு நோக்கிப் போகிறோம், எந்தச் சுவரில் கட்ட வேண்டும், இவ்வளவு போதும். வர்ஜீனியா, வட கரோலினாவில் பாலங்களும் 13-இல் கேட்கும். தென் கரோலினாவிலிருந்து சேனல் 9. இரண்டு பக்கமும் ஃபெண்டர் (இடி தாங்கும் மெத்தை) தொங்கவிடுங்கள், ஏனென்றால் சுவரைக் கடைசி நிமிஷத்தில் மாற்றிச் சொல்வார்கள். முன்னும் பின்னும் 50 அடிக் கயிறு ஒவ்வொன்று, ஒரு முனை படகின் கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பு), மறுமுனை கரைக் கட்டையைச் சுற்றித் திரும்பக் கையில். அந்த முனையைக் கட்டிப்போடக் கூடாது. தண்ணீர் இறங்கும்போது கட்டின கயிறு படகைத் தொங்கவிட்டு கிளீட்டையே பிடுங்கிவிடும். இருவரில் ஒருவர் முன்கயிறு, ஒருவர் பின்கயிறு. பக்கவாட்டுக் காற்று இருந்தால் முதலில் பின்கயிறு போய்ச் சேர வேண்டும். முன்கயிறை முதலில் இழுத்துப் பிடித்தால் பின்பக்கம் சுழன்று குறுக்கே நிற்கும், பின்னால் வருகிற படகுக்காரர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

லாக்கை அடுத்து மைல் 12-இல் கிரேட் பிரிட்ஜ் பாலம், பகலில் மணிக்கு ஒரு முறை திறக்கிறது. மைல் 15.2-இல் சென்டர்வில், மைல் 20.2-இல் நார்த் லேண்டிங், இரண்டும் அரை மணிக்கு ஒரு முறை. வார நாட்களில் காலை மாலை வண்டிக் கூட்ட நேரத்தில் சென்டர்வில் திறக்காது. கணக்கு இப்படி: கிரேட் பிரிட்ஜிலிருந்து சென்டர்வில் 3.2 மைல். அரை மணியில் எட்ட மணிக்கு 6.4 மைல், அதாவது 5.6 நாட் வேண்டும். ஐந்து நாட் ஓடும் படகு மூன்று நான்கு நிமிஷத்தில் தவறவிடும், தவறவிட்டால் அரை மணி அங்கேயே வட்டமடிக்க வேண்டும். அதனால் பதறி எஞ்சினை முறுக்காமல் 3.5 நாட்டில் நிதானமாகப் போய் அடுத்த திறப்பைப் பிடிப்பதுதான் சரி. பாலத்தின் முன்னால் காத்திருக்கும்போது காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று முதலிலேயே பாருங்கள். பாலத்தை நோக்கித் தள்ளினால் தூரத்திலேயே நின்று, தேவைப்பட்டால் ரிவர்ஸில் பிடித்திருக்க வேண்டும். லாக்குக்கும் பாலத்துக்கும் நடுவே இலவசமாகக் கட்டும் இடம் இருக்கிறது. முதல் இரவு அங்கேயே தங்கலாம், மளிகைக்கடையும் நடக்கிற தூரம்தான். 1775 டிசம்பர் 9-இல் விடுதலைப் போரின் ஒரு சண்டை நடந்த இடம் அது, பக்கத்திலேயே அதற்கான பூங்காவும் உண்டு.

நார்த் லேண்டிங் ஆறும் கரிட்டக் சவுண்டும் பார்க்கப் பெரிய ஏரி போல இருக்கும், கால்வாய்க்கு வெளியே பல இடங்களில் முழங்கால் ஆழம்தான். இந்தப் பகுதியில் கடல் ஏற்ற இறக்கம் கிடையாது, காற்றுதான் தண்ணீரை ஏற்றி இறக்குகிறது. இரண்டு மூன்று நாள் வடக்குக் காற்று விடாமல் அடித்தால் ஓரடி, இரண்டடி குறைந்துவிடும். தெற்குக் காற்றுக்கு ஏறும். ஆகவே இங்கே தரை தட்டினால் ‘ஆறு மணி நேரத்தில் ஏற்றம் வரும், மிதந்துவிடுவோம்’ என்று உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. தட்டினதும் நியூட்ரல். பில்ஜில் (படகின் அடித்தளத்தில்) தண்ணீர் ஏறுகிறதா என்று ஒருவர் உடனே இறங்கிப் பார்க்க வேண்டும். பிறகு வந்த வழியே மெதுவாக ரிவர்ஸ், அதுவும் அரை நிமிஷம்தான். அதற்கு மேல் போனால் கிளறின சேற்றை எஞ்சின் குளிர்நீரோடு உறிஞ்சும். நகராவிட்டால் பாயின் அடியில் உள்ள பூம் என்னும் கம்பை ஒரு பக்கம் தள்ளி ஆளும் அதில் சாய்ந்து படகைச் சரித்தால் சில அங்குலம் கிடைக்கும். அதுவும் ஆகாவிட்டால் இழுவைப் படகுதான். டோபோட்யுஎஸ் அல்லது சீ டோ, எதிலாவது ஒன்றில் கிளம்புவதற்கு முன்பே உறுப்பினராகிவிடுங்கள். ஆண்டுக்குச் சுமார் 200 டாலர். உறுப்பினர் இல்லாமல் கூப்பிட்டால் மணிக்கணக்கில் பில் போடுவார்கள், ஒரே இழுவைக்கு அதைப் போல் சில மடங்கு போய்விடும். கயிறு வாங்குவதற்கு முன் ‘இது டோயிங்கா (வெறும் இழுவை), சால்வேஜா (மீட்பு)’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். சால்வேஜ் என்றால் படகின் மதிப்பில் பங்கு கேட்பார்கள்.

வழிக்குறிகள் பற்றி ஒன்றே ஒன்று. தெற்கே போகும்போது சிவப்பு வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். ஆனால் வேறு ஆற்று வழிகள் வந்து சேரும் இடங்களில் நிறம் மாறிவிடும். அப்போது குறியின் மேல் சின்னதாக ஒட்டியிருக்கும் மஞ்சள் முக்கோணம், மஞ்சள் சதுரம் இவற்றைப் பாருங்கள். முக்கோணம் வலப்பக்கம், சதுரம் இடப்பக்கம், நிறம் என்னவாக இருந்தாலும் சரி. திரும்பி வரும்போது எல்லாமே எதிர்மாறு. இன்னொன்றையும் பழகிக்கொள்ளுங்கள்: அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்ப்பது. முன்னால் உள்ள குறியை நோக்கி நேராகப் போவதாகத் தோன்றும், ஆனால் குறுக்குக் காற்று படகை ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். கடந்து வந்த குறியும் முன்னால் இருக்கும் குறியும் ஒரே கோட்டில் இருந்தால்தான் கால்வாயில் இருக்கிறீர்கள். மின் வரைபடத்தில் ராணுவப் பொறியாளர் பிரிவின் ஆழ அளவீடுகளைச் சேர்த்துக் காட்டும் அக்வா மேப் போன்ற செயலியை இருவர் போனிலும் வைத்திருங்கள். மயாமி போகும் வழியில் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி ஆழம் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. மணல் அடைத்த இடங்களில் ஆறேழு அடி இருந்தாலே பெரிது.

மைல் 50-இல் காயின்ஜாக். கால்வாயின் இரு கரையிலும் டீசல், தண்ணீர், மின்சாரத்தோடு கட்டும் இடங்கள். இங்கே நின்றுதான் ஆல்பமார்ல் சவுண்டைக் கடப்பதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும். கட்டணம் அடிக்கணக்கு. அடிக்கு 2 டாலருக்கு மேல் என்றால் 34 அடிப் படகுக்கு ஒரு இரவு 68 டாலர் தாண்டும். காற்றுக்காகக் காத்திருக்கும்போது இந்தப் பணம் போகிறதே என்று மனது அடித்துக்கொள்ளும். ஆனாலும் காத்திருங்கள்.

ஆல்பமார்ல் ஏன் கெட்ட பெயர் எடுத்தது என்றால், கிழக்கு மேற்காக 50 மைலுக்கு மேல் நீளம், ஆழமோ இருபது அடியை ஒட்டித்தான். ஆழமில்லாத தண்ணீரில் அலை நீளமாக எழாது, குட்டையாகச் செங்குத்தாக அடுத்தடுத்து வரும். 15 நாட் காற்றுக்கே மூன்றடி அலை. நாங்கள் போவது வடக்கு தெற்கு என்பதால் கிழக்கு, மேற்குக் காற்றில் அலை விலாவில் அடித்து, படகு தொட்டிலாட்டம் போடும். கடக்க வேண்டியது 14 மைல், இரண்டேகால் மணி நேரம். 12 நாட்டுக்குக் கீழ், விடிந்த உடனே, இதுதான் எங்கள் விதி. வெள்ளோட்டம் என்பதற்காக வேண்டுமென்றே மோசமான நாளில் போய்ப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. பயந்துபோன துணையை மறுபடி படகில் ஏற்றுவது எஞ்சின் மாற்றுவதைவிடக் கஷ்டம்.

எஞ்சின் நிற்பது இங்கேதான் நடக்கும், அதற்குக் காரணம் உண்டு. வருஷக்கணக்கில் டீசல் டேங்கின் அடியில் படிந்த கசடு மரினாவில் அசையாமல் கிடக்கும். ஆல்பமார்ல் அலை டேங்கைக் குலுக்கியதும் எல்லாம் கலங்கி ஒரே நேரத்தில் ஃபில்டருக்கு வரும். எஞ்சின் சத்தம் முதலில் லேசாக ஏறி இறங்கும், ஆக்ஸிலரேட்டரைக் கூட்டினால் கூடாது, பிறகு நின்றுவிடும். ராக்கோர் என்னும் டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தைப் பாருங்கள்: மேலே தெளிந்த டீசல், நடுவில் தண்ணீர்க் கோடு, அடியில் கறுப்புச் சளி. அதை வடித்து, புது எலிமென்ட் (உள்ளே இருக்கும் வடிகட்டி) போட்டு, கிண்ணத்தை டீசலால் நிரப்பி, எஞ்சினில் காற்றை வெளியேற்றும் பிளீட் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் நுரையோடு காற்று வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை இறுக்க வேண்டும். துறைமுகத்தில் கட்டியிருக்கும்போதே இருவரும் ஆளுக்கொரு முறை இதைச் செய்து பழகியிருக்க வேண்டும். ஆடுகிற படகில், டீசல் நாற்றத்தில், தலைகீழாகக் குனிந்துகொண்டு முதல் தடவையாகக் கற்க முடியாது. ராக்கோருக்கு 10 மைக்ரான் எலிமென்ட் குறைந்தது ஆறு, எஞ்சினில் உள்ள சின்ன ஃபில்டர் இரண்டு, குளிர்நீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் இரண்டு, பெல்ட் இரண்டு கையிருப்பில் இருக்கட்டும். இம்பெல்லர் இறக்கை உடைந்திருந்தால் துண்டுகள் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் போய் மாட்டியிருக்கும். எண்ணிப் பார்த்து எல்லாத் துண்டையும் எடுக்காவிட்டால் புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையாது.

பெல்ட் என்றதும் ஒன்று. படகு பழுது பார்க்கும் யார்டில் காசு கொடுத்து மாட்டியது என்பதால் அது சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. எங்களுக்கு மாட்டித் தந்த ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்வு. எஞ்சின் பெட்டிக்குள் எங்கும் கறுப்புத் தூள், பேட்டரி ஏறவே இல்லை, அந்த வேலைக்கு இரண்டாம் முறையும் பணம் போனது. புது பெல்ட் சில மணி நேரம் ஓடினதும் நீளும், கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் போகாதபடி மறுபடி இறுக்க வேண்டும். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியென்றால், சுமை எல்லாம் அணைத்த பிறகு 12.7 வோல்ட் முழுசு, 12.2 பாதி. காலையில் 12.2-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி ஃபிரிட்ஜ்தான்.

மைல் 84-இல் அலிகேட்டர் ஆற்றின் சுழல் பாலம். மூடியிருக்கும்போது 14 அடி உயரம், கேட்டால் திறப்பார்கள். காற்று 35 நாட்டை ஒட்டிவிட்டால் திறக்க மாட்டார்கள், இதையும் நினைத்துத்தான் காயின்ஜாக்கிலிருந்து கிளம்ப வேண்டும். ஆற்று முகத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், மிதவைகளையும் மாற்றி வைப்பார்கள். பழைய வரைபடத்தை நம்பாமல் கண்ணெதிரே தெரிகிற மிதவையை நம்புங்கள். வழியெல்லாம் நண்டுக் கூண்டு மிதவைகள் கிடக்கும். கயிறு புரொப்பெல்லரில் சுற்றினால் உடனே நியூட்ரல், ரிவர்ஸ் போட்டுக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும்.

பாலத்துக்குத் தெற்கே, கால்வாய் தொடங்குவதற்கு முன், மைல் 102-ஐ ஒட்டி நங்கூரமிடலாம். ஊர் வெளிச்சம் இல்லை, போன் சிக்னல் பெரும்பாலும் இல்லை. இங்கேதான் தம்பதிகளுக்குள் சண்டை வரும். “ரிவர்ஸ் போடுங்க!” “என்னது? கேக்கல!” “ரிவர்ஸ்!” “எந்தப் பக்கம்?” என்று முன்னாலிருந்து ஒருவரும் பின்னாலிருந்து ஒருவரும் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்துவதை எந்த நங்கூர இடத்திலும் மாலை ஐந்து மணிக்குக் கேட்கலாம். தலையில் மாட்டும் வயர்லெஸ் ஹெட்செட் ஒரு ஜோடி வாங்குங்கள், அல்லது கைச்சைகை ஐந்து பேசி வையுங்கள்: முன்னே, பின்னே, நியூட்ரல், இடம், வலம். சுக்கானை உடல் வலு குறைந்தவர் பிடிப்பதுதான் சரி, நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும்தான் வலு வேண்டும். வழக்கத்தில் பல படகுகளில் இது தலைகீழாக இருக்கிறது. கணக்கு: தண்ணீர் ஆழம் 8 அடி, நங்கூரச் சங்கிலி இறங்கும் முகப்பு உருளை தண்ணீருக்கு மேல் 4 அடி, மொத்தம் 12. அதற்கு ஏழு மடங்கு, 84 அடிச் சங்கிலியும் கயிறும். ஜார்ஜியாவில் இதே இடம் என்றால் ஏழெட்டு அடி ஏற்றத்தையும் சேர்க்க வேண்டும், 140 அடி ஆகிவிடும். விட்டதும் ரிவர்ஸில் மெதுவாக ஆரம்பித்து 2,000 ஆர்பிஎம் வரை ஏற்றி அரை நிமிஷம் பிடியுங்கள். கரையில் இரண்டு மரங்களை ஒரே கோட்டில் பார்த்து, அவை விலகாவிட்டால் நங்கூரம் பிடித்திருக்கிறது. சேற்றடி என்பதால் தூக்கும்போது சங்கிலியோடு மூட்டை மூட்டையாகக் கறுப்புச் சேறு வரும். கழுவ வாளி முன்பக்கமே இருக்கட்டும்.

அலிகேட்டர்–புங்கோ கால்வாய் இருபது மைலுக்கு மேல் ஏறக்குறைய நேர்கோடு. சலிப்பாக இருக்கும், அதனால்தான் ஆபத்து. ஓரமெல்லாம் வெட்டுமர அடிக்கட்டைகள். இங்கே வில்கர்சன் பாலத்தின் உயரம் 64 அடி, மற்ற பெரும்பாலான நிலைப் பாலங்கள் போல 65 அல்ல. பாய்மரம் 62-க்கு மேல் இருப்பவர்கள் ஆன்டெனாவையும் சேர்த்து அளக்க வேண்டும். பெல்ஹேவன் மைல் 135. கழிவுத் தொட்டியை இங்கே காலி செய்துவிடுங்கள். இருவருக்கு 30 கேலன் தொட்டி ஒரு வாரத்துக்குச் சற்று மேல் வரும், உள்நீர் வழியில் வெளியே விடுவது குற்றம். குடிநீர் சிக்கனமாக இருந்தால் நாளுக்கு 5 கேலன்.

திரும்பும்போது இருவரும் வேலையை முழுசாக மாற்றிக்கொள்ளுங்கள். இதுவரை சுக்கான் பிடித்தவர் நங்கூரம், ரேடியோவில் பேசாதவர் பேச வேண்டும். ஒருவர் வழுக்கி விழுந்து கை ஒடிந்தால் மற்றவர் தனியாக எஞ்சினைக் கிளப்பி, இருக்கும் இடத்தை அவசர அழைப்புக்கான சேனல் 16-இல் சொல்லி, படகைக் கரைசேர்க்க வேண்டுமல்லவா? தனியாளாகக் கட்டுவதற்கு நடுக்கயிறு ஒன்று போதும். படகின் நடு கிளீட்டிலிருந்து ஜெட்டியில் சற்றுப் பின்னால் உள்ள கட்டைக்கு அதைப் போட்டு, முன் கியரில் மெதுவாக விட்டு, சுக்கானை ஜெட்டிக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். படகு தானே ஜெட்டியோடு ஒட்டி நிற்கும், மற்றக் கயிறுகளை ஆற அமரக் கட்டலாம்.

எலிசபெத் சிட்டியில் ஊர் நடத்தும் இலவசக் கட்டுமிடம் உண்டு. தெற்கு, கிழக்குக் காற்றில் மட்டும் அங்கே நிம்மதியாகத் தூங்க முடியாது. அதற்கு மேல் பாஸ்குவோடாங்க் ஆறு குறுகி டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய் தொடங்கும். அடிமைகள் கையால் வெட்டி 1805-இல் திறந்த வழி. ஆழம் 6 அடி என்பது பெயருக்குத்தான், மூழ்கிக் கிடக்கும் மரத்துண்டு படகடியில் உள்ள கீலில் ‘டங்’ என்று இடிக்கும். ஐந்தடிக்கு மேல் மூழ்காழம் இருந்தால் வந்த வழியே திரும்புங்கள். தண்ணீர் டிகாஷன் நிறம், முகப்பில் பழுப்பு மீசை வரைந்துவிடும். ஆக்ஸாலிக் அமிலம் கலந்த கிளீனர் போட்டால் போகும். கோடையில் பச்சைப் பாசி மிதந்து குளிர்நீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். சூட்டு முள் வழக்கத்தைவிட ஏறினால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். சௌத் மில்ஸ், டீப் க்ரீக் லாக்குகள் காலை 8:30, 11:00, மதியம் 1:30, 3:30 மணிக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவே 22 மைல், வேகம் குறைவு என்பதால் காலை 8:30-க்குச் சௌத் மில்ஸில் ஏறினால் 3:30-க்கு டீப் க்ரீக்கில் பதறாமல் இறங்கலாம். நடுவில் விசிட்டர் சென்டர் ஜெட்டியில் இரவு தங்கி இரண்டு நாளாகவும் பிரிக்கலாம். லாக்கைத் திறப்பவரே பாலத்தையும் திறக்க வேண்டியிருக்கும், அவர் காரில் வந்து சேரும் வரை பொறுமையாக நில்லுங்கள். புயலுக்குப் பின்னும் பராமரிப்புக்காகவும் இந்தக் கால்வாயை மாதக்கணக்கில் மூடிவிடுவதுண்டு. ராணுவப் பொறியாளர் பிரிவின் நார்ஃபோக் அலுவலக அறிவிப்பை எலிசபெத் சிட்டியில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள், லாக் வரை போய்த் திரும்பினால் ஒரு முழு நாளும் டீசலும் வீண்.